லவ் பேர்ட்ஸ் குஞ்சு பொரிச்சிடுச்சா? முதல் தடவை வளர்க்குறவங்களுக்கு நான் சொல்றது

காலைல கூண்டுக்கு தண்ணி மாத்தப் போறப்ப, முட்டை போடுறதுக்காக கட்டி விட்ட பானைக்குள்ள இருந்து ரொம்ப மெல்லிசா ஒரு சத்தம் கேட்கும், காது கொடுத்து கேட்டாத்தான் தெரியும், அவ்ளோ சின்ன சத்தம். மொத தடவை அதைக் கேட்டப்ப எனக்கு கை காலெல்லாம் படபடன்னு வந்துடுச்சு, அடுத்து என்ன பண்றதுன்னு சத்தியமா தெரியல. கடைக்காரர் ஒண்ணு சொன்னாரு, பக்கத்து வீட்டு அண்ணன் ஒண்ணு சொன்னாரு, ரெண்டையும் செஞ்சு பார்த்து ரெண்டு குஞ்சை இழந்தேன். அந்த மாதிரி நிலைமைல இப்ப நிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

நான் பேசுறது நம்ம ஊர் கடைல லவ் பேர்ட்ஸ்னு சொல்லி விக்கிற பட்ஜி பத்தி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கா பறவை, அது கொஞ்சம் தடிமனா குட்டை வாலோட இருக்கும். பட்ஜி ஆஸ்திரேலியாவோட சின்ன கிளி, நீள வாலு, கழுத்துல புள்ளி, முதுகுல அலை அலையா கோடு. நம்ம பச்சைக்கிளி, அதான் கழுத்துல சிவப்பு வளையம் போட்ட கிளி, அதை வீட்ல வளர்க்கவே கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், குஞ்சா வாங்கினாலும் குற்றம்தான். தென்னை மரத்து பொந்துல இருந்து எடுத்துட்டு வந்து சந்தைல வித்தா பாவம் பார்த்துக்கூட வாங்காதீங்க, நீங்க ஒண்ணு வாங்கினா அவன் நாளைக்கு இன்னொரு பொந்துல கை விடுவான். காத்துல கீழ விழுந்த குஞ்சு கிடைச்சா முடிஞ்ச வரைக்கும் அதே பொந்துல திருப்பி வைங்க, முடியலைன்னா வனத்துறை ஆபீசுக்கு சொல்லிடுங்க.

சரி, பட்ஜிக்கு வருவோம். ஜோடி சேர்க்குறதுக்கு முன்னாடியே பாதி வேலை இருக்கு. ரெண்டுக்கும் குறைஞ்சது 1 வயசு ஆகியிருக்கணும், சின்ன வயசுல பானை கட்டி விட்டா பொண்ணு முட்டையை வெளிய தள்ள முடியாம அடைச்சுக்கிட்டு செத்தே போயிடும். மூக்குக்கு மேல இருக்குற மெழுகு மாதிரி பகுதியை பாருங்க, நல்ல நீலமா இருந்தா ஆணு, பிரவுன் கலர்ல கொஞ்சம் சொரசொரப்பா இருந்தா பொண்ணு. வெள்ளை, மஞ்சள் கலர் பட்ஜில சிலதுக்கு ஆணுக்கே மூக்கு பிங்க்காத்தான் இருக்கும், அதுல ஏமாந்துடாதீங்க. முட்டை போடுறதுக்கு பானையா பெட்டியான்னு கேட்டா, பானை வேணாம்னு நான் சொல்லமாட்டேன், நம்ம ஊர் வெயிலுக்கு மண்பானை குளிர்ச்சியா இருக்கும், ஆனா அடிப்பக்கம் குழியா இருக்கணும், உள்ள மரச்சீவல் ஒரு இன்ச் போடுங்க. பொடித்தூள் வேணாம், சுருள் சுருளா வர்றதைக் கேட்டு வாங்குங்க. தட்டையான பெட்டில சீவலும் இல்லைன்னா குஞ்சோட கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சு போய், தவளை மாதிரி படுத்தே கிடக்கும், அப்புறம் நிக்கவே நிக்காது. ஏப்ரல் மே மாசத்துல ப்ரீடிங் போடாதீங்க. எங்க வீடு திருச்சில, கத்திரி வெயில்ல மொட்டை மாடிக்கு கீழ இருக்குற பால்கனில பெரிய பறவையே வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறகு இல்லாத குஞ்சு என்ன பண்ணும்.

முட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும், பெரும்பாலும் 4ல இருந்து 6 வரைக்கும். பொண்ணு மட்டும்தான் அடை காக்கும், ஆணு வெளிய இருந்து சாப்பாட்டை கொண்டு வந்து ஊட்டி விடும், அதனால ஆணைப் பிரிச்சுடாதீங்க, அது சும்மா சுத்துற மாதிரி தெரிஞ்சாலும் வீட்டை ஓட்டுறதே அதுதான். ஒரு முட்டை பொரிய 18 நாள் ஆகும். இங்கதான் புதுசா வளர்க்குறவங்க கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. கோழி மாதிரி எல்லா முட்டையும் ஒரே நாள்ல பொரியாது. மொத முட்டைலருந்தே பொண்ணு உட்கார ஆரம்பிச்சுடறதால, போட்ட மாதிரியே ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொரியும். அஞ்சு முட்டைன்னா மொத குஞ்சுக்கும் கடைசி குஞ்சுக்கும் எட்டு நாள் வித்தியாசம். பிறந்தப்ப ஒரு குஞ்சு வெறும் 2 கிராம்தான், மூத்தது அதுக்குள்ள பல மடங்கு ஆகி இருக்கும், சத்தமும் பெருசு, கழுத்தும் நீளம், அம்மா வந்தா முன்னாடி போய் நிக்கும். நான் இழந்த மொத குஞ்சு அப்படி பிறந்த அஞ்சாவதுதான். நாலும் நல்லா இருக்குன்னு சந்தோஷத்துல அதை தனியா கவனிக்கவே இல்ல, மூணாம் நாள் பார்த்தா மத்ததுக்கு அடியில நசுங்கி கிடந்துச்சு.

அதனால தினமும் ஒரு தடவை பார்க்கணும். குஞ்சைத் தொட்டா மனுஷ வாசனை பட்டு அம்மா ஒதுக்கிடும்னு சொல்லுவாங்க, பட்ஜி விஷயத்துல அது உண்மையில்ல, வீட்ல பழகின ஜோடி அதெல்லாம் கண்டுக்காது. ஆனா பொண்ணு சாப்பிட, எச்சம் போட வெளிய வர்ற நேரம் பார்த்து, கையை கழுவிட்டு, ஒரு நிமிஷத்துக்குள்ள பார்த்து முடிச்சுடணும், அது உள்ள உட்கார்ந்திருக்கப்ப கையை விட்டா பதட்டத்துல எந்திரிச்சு குஞ்சை மிதிச்சுடும். என்ன பார்க்கணும்னா கழுத்துக்கு கீழ, நெஞ்சுக்கு மேல ஒரு பை மாதிரி உப்பி இருக்கும், அதுதான் தீனிப்பை, தோல் கண்ணாடி மாதிரி இருக்குறதால உள்ள இருக்குற சாப்பாடு வெளியவே தெரியும். பை நிறைஞ்சிருந்தா அம்மா ஊட்டுதுன்னு அர்த்தம், நீங்க எதுவும் செய்ய வேணாம், நிம்மதியா மூடிட்டு வந்துடுங்க. பொரிச்ச மொத பத்து மணி நேரம் பை காலியா இருந்தா பயப்படாதீங்க, முட்டைக்குள்ள இருந்த மஞ்சள் கரு வயித்துல மிச்சம் இருக்கும். அதுக்கு மேலயும் காலியா இருந்து, குஞ்சு குளிர்ந்து போய் அசையாம இருந்தாத்தான் நம்ம வேலை ஆரம்பம்.

குஞ்சுக்கு நாம நேரா சாப்பாடு குடுக்குறதில்ல, அப்பா அம்மாவுக்கு குடுக்குறோம், அது ரெண்டும் தின்னு கரைச்சு கக்கி ஊட்டுது. அதனால இந்த ஒரு மாசம் அப்பா அம்மாவோட தட்டுலதான் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. வெறும் தினை மட்டும் போட்டா போதும்னு கடைல சொல்லுவாங்க, போதாது. தினை, சாமை, கொஞ்சம் கம்பு கலந்து ஒரு தட்டு எப்பவும் இருக்கட்டும். இன்னொரு தட்டுல ராத்திரி ஊற வச்சு முளை கட்டின தினை, காலைல நல்லா அலசிட்டு வைங்க, மதியத்துக்குள்ள எடுத்துடுங்க, நம்ம சூட்டுக்கு சீக்கிரம் நொதிச்சு புளிச்ச வாடை வந்துடும், அதைத் தின்னா குஞ்சுக்கு வயித்தால போகும். அவிச்ச முட்டையை ஓட்டோட பொடியா நசுக்கி ஒரு ஸ்பூன் தினமும், இதையும் ரெண்டு மணி நேரத்துல எடுத்துடணும். என் ஜோடி மொத நாலு நாள் முட்டையை திரும்பிக்கூட பார்க்கல, மேல கொஞ்சம் தினை தூவி வச்சேன், தினையைக் கொத்தப் போய் ருசி கண்டுடுச்சு. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, பிஞ்சு மக்காச்சோளம் குடுங்க, கீரையை ரெண்டு மூணு தண்ணில கழுவுங்க, மருந்து அடிச்சிருப்பாங்க. கால்சியத்துக்கு கணவாய் ஓடு கண்டிப்பா வேணும், பெட் ஷாப்புல கட்டில்போன் (cuttlebone)னு சொல்லி விலை அதிகமா சொன்னா நாட்டு மருந்து கடைல கடல் நுரைன்னு கேளுங்க, அதே சாமான்தான். பால், சாக்லேட், வெங்காயம், அவகாடோ, உப்பு போட்ட எதுவும் வேணவே வேணாம்.

ஒன்பது பத்து நாள் ஆகுறப்ப கண்ணு திறக்க ஆரம்பிக்கும், முள்ளு முள்ளா இறகு குத்திக்கிட்டு வரும், இந்த நேரத்துல குஞ்சு பார்க்க அழகாவே இருக்காது, ஆனா எனக்கு ரொம்ப பிடிச்ச பருவம் இதுதான். எச்சமும் அதிகமாகும். ரெண்டாவது வாரத்துலருந்து மூணு நாளுக்கு ஒரு தடவை குஞ்சுங்களை ஒரு துணி விரிச்ச டப்பாவுல எடுத்து வச்சுட்டு, பழைய சீவலைக் கொட்டி புதுசு போட்டு, அஞ்சு நிமிஷத்துல திருப்பி வச்சுடுங்க. அப்படியே ஒவ்வொண்ணோட கால் விரலையும் பாருங்க, எச்சம் காய்ஞ்சு நகத்துல கல்லு மாதிரி ஒட்டி இருக்கும், அதைப் பிச்சு எடுத்தா நகமே கையோட வந்துடும், வெதுவெதுப்பான தண்ணில ஊற வச்சா தானா உதிரும். மேல் அலகுக்கு உள்பக்கமும் பாருங்க, ஊட்டின சாப்பாடு அங்க காய்ஞ்சு ஒட்டி நின்னா அலகு கோணலா வளர ஆரம்பிக்கும், ஈரப் பஞ்சை பல் குத்துற குச்சில சுத்தி மெதுவா துடைச்சு விட்டா போதும். கால் விரியுற மாதிரி தெரிஞ்சா தள்ளிப் போடாதீங்க, ரெண்டு வாரத்துக்குள்ளன்னா எலும்பு இளசா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டினா ரெண்டு காலையும் சேர்த்து மெல்லிசா கட்டு போட்டு விடுவாங்க, நிறைய குஞ்சு நேராயிடும். ஒரு மாசம் ஆனப்புறம் போனா ஒண்ணும் பண்ண முடியாது.

நம்ம ஊர்ல நோயை விட எதிரிங்கதான் அதிகம். மொத எதிரி எறும்பு. அந்த முட்டைத் துணுக்குக்கும் கீரைக்கும் சாரை சாரையா வந்து, பானைக்குள்ள புகுந்து இறகு இல்லாத குஞ்சைக் கடிச்சே கொன்னுடும். கூண்டோட நாலு காலுக்கும் கீழ கிண்ணத்துல தண்ணி வைங்க, தொங்க விட்ட கூண்டுன்னா கம்பில வேப்பெண்ணெய் துணி சுத்துங்க, எறும்பு பவுடர் பக்கத்துலயே கொண்டு வராதீங்க. பல்லி முட்டைக்கு வரும், எலி குஞ்சுக்கு வரும், பூனை எதுக்கும் வரும். இன்னொரு எதிரி புகை. பறவையோட நுரையீரல் நம்மளது மாதிரி இல்ல, காத்துல இருக்குறது எல்லாத்தையும் ரொம்ப வேகமா இழுத்துக்கும். கொசுவத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே, சிகரெட் எதுவும் அந்த ரூம்ல வேணாம். நான்ஸ்டிக் தவாவை காலியா அடுப்புல வச்சு மறந்துட்டா அதுலருந்து வர்ற புகைல பறவை நிமிஷக் கணக்குல செத்துடும், அதனால கிச்சன் பக்கத்துல கூண்டு வைக்கவே வைக்காதீங்க. கொசுக்கு கூண்டைச் சுத்தி வலைதான் ஒரே வழி. தீபாவளி சமயத்துல குஞ்சு இருந்தா உள் ரூம்ல வச்சு கதவை சாத்திடுங்க, வெடிச்சத்தத்துக்கு அம்மா ராத்திரில பானையை விட்டு பறந்து வெளிய வந்துட்டா இருட்டுல திரும்பி உள்ள போகத் தெரியாது, குஞ்சு விடியறதுக்குள்ள குளிர்ந்துடும்.

இப்ப எல்லாரும் கேட்குற ஹேண்ட் ஃபீடிங், அதான் குஞ்சுக்கு நாமளே கையால ஊட்டுறது. அம்மா ஊட்டிக்கிட்டு இருக்கப்ப, குஞ்சு நம்மகிட்ட ஒட்டிக்கணும்னு ஆசைப்பட்டு பிடுங்கி எடுத்து சிரிஞ்ச்ல ஊட்டுறது வேணாங்க. மொத தடவை பண்றவங்க கண்டிப்பா பண்ணாதீங்க, இதை நான் கெஞ்சியே கேட்குறேன். அம்மா செத்துட்டா, இல்ல அம்மாவே கொத்தி ரத்தம் வர வச்சா, இல்ல கடைசிக் குஞ்சுக்கு பை காலியாவே கிடந்தா அப்ப மட்டும்தான். பக்கத்துல யாராவது இதே வயசு குஞ்சோட ஜோடி வச்சிருந்தா அந்தப் பானைல வச்சுப் பாருங்க, நிறைய பட்ஜி மறுப்பு சொல்லாம ஊட்டும், நம்ம சிரிஞ்சை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

வேற வழியே இல்லைன்னா முதல்ல சூடு, அப்புறம்தான் சாப்பாடு. குளிர்ந்து இருக்குற குஞ்சுக்கு ஊட்டினா அது செரிக்காது, உள்ளயே கெட்டுப் போகும். ஒரு அட்டைப் பெட்டில இல்ல பிளாஸ்டிக் டப்பால டிஷ்யூ பேப்பர் விரிச்சு, ஒரு ஓரத்துல மட்டும் சூடு வர்ற மாதிரி 40 வாட் குண்டு பல்பு வைங்க. எல்இடி பல்புல சூடு வராது, பழைய குண்டு பல்புதான் தேடி வாங்கணும். பல்பு பேப்பர்லயோ குஞ்சு மேலயோ படாம கம்பித் தடுப்பு போடுங்க, ஒரு தெர்மாமீட்டர் உள்ளயே இருக்கட்டும். புதுசா பொரிச்சதுக்கு 35, 36 டிகிரி செல்சியஸ், முள் இறகு வந்தப்புறம் 30 கிட்ட, இறகு மூடினப்புறம் 26 போதும். கண்ணால பார்த்தே சொல்லிடலாம், குஞ்சு வாயைத் திறந்து றெக்கையை விரிச்சு வச்சா சூடு அதிகம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நடுங்கினா கம்மி. கரண்ட் போனா என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சு வைங்க, பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி துணில சுத்தி பக்கத்துல வச்சா ஒரு மணி நேரம் தாங்கும்.

சாப்பாட்டுக்கு கிளிக் குஞ்சுக்குன்னே விக்கிற ஹேண்ட் ஃபீடிங் பவுடர் வாங்குங்க. மனுஷக் குழந்தைக்கு குடுக்குற பால் கலந்த பாக்கெட் மாவு வேணாம், நிறைய பேர் அதைத்தான் குடுக்குறாங்க, பறவைக்கு பால் சர்க்கரை செரிக்காது. கொதிச்சு ஆறின தண்ணில கலக்கணும், சின்னக் குஞ்சுன்னா மோர் பதம், மூணு வாரக் குஞ்சுன்னா தோசை மாவு பதம். ஊட்டுறப்ப சூடு 39ல இருந்து 41 டிகிரிக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல போனா தீனிப்பை உள்ள வெந்துடும், கம்மியா இருந்தா செரிக்காம தேங்கிடும். விரல்ல தொட்டு பார்த்து முடிவு பண்ணாதீங்க, தெர்மாமீட்டர் வைங்க. நான் இழந்த ரெண்டாவது குஞ்சு இதனாலதான் போச்சு. மூணு குஞ்சுக்கு வரிசையா ஊட்டிட்டு கடைசிக் குஞ்சுக்கு வர்றப்ப மாவு ஆறிப் போயிருந்துச்சு, பரவால்லன்னு குடுத்துட்டேன், மறுநாள் காலைல பை கல்லு மாதிரி அப்படியே இருந்துச்சு, டாக்டர்கிட்ட எடுத்துட்டு போறதுக்குள்ள என் கையிலயே போயிடுச்சு. இப்ப மாவுக் கிண்ணத்தை சுடுதண்ணி இருக்குற பெரிய கிண்ணத்துக்குள்ள வச்சுட்டுத்தான் ஊட்டவே உட்காருவேன். மைக்ரோவேவ்ல சுட வைக்காதீங்க, அங்கங்க மட்டும் கொதிச்சு மத்த இடம் வெதுவெதுப்பா இருக்கும்.

1 மில்லி சிரிஞ்ச், ஊசி கழட்டினது. குஞ்சை துணி மேல நிக்க வச்சு தலையை ரெண்டு விரலால லேசா தாங்கிக்கோங்க, படுக்க வச்சு ஊட்டவே கூடாது. அலகோட ஓரத்துல சிரிஞ்ச் பட்டதும் அதுவே தலையை மேலயும் கீழயும் ஆட்டி ஆட்டி உறிஞ்ச ஆரம்பிக்கும், அப்ப குஞ்சோட இடது பக்கத்துல இருந்து வலது பக்கம் போற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. ஆட்டுறதை நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க, அழுத்தி உள்ள தள்ளினா மூச்சுக்குழல்ல போய் அங்கயே முடிஞ்சுடும். குஞ்சு எடைல பத்துல ஒரு பங்கு ஒரு வேளைக்கு, 25 கிராம் குஞ்சுன்னா ரெண்டரை மில்லி. மொத வாரம்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ராத்திரியும் சேர்த்து, ரெண்டாவது வாரம் மூணு மணி நேரம், மூணாவது வாரம் நாலு மணி நேரம், அப்ப ராத்திரி பதினொண்ணுலருந்து காலைல ஆறு வரைக்கும் விட்டுடலாம். தனியா தண்ணி குடுக்காதீங்க. முடிச்சதும் வாய், கழுத்தெல்லாம் ஈரப் பஞ்சால துடைச்சு விடுங்க, சிரிஞ்சை கொதி தண்ணில போடுங்க, மிச்ச மாவைக் கொட்டிடுங்க, அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீங்க. நகை எடை போடுற சின்ன மெஷின் ஒண்ணு வாங்கி தினமும் காலைல மொத சாப்பாட்டுக்கு முன்னாடி எடை எழுதுங்க, ஒரு நாள் ஏறலைன்னா கவனிங்க, குறைஞ்சா உடனே டாக்டர்.

எந்த டாக்டர்னு கேட்டா, நாய் பூனை மட்டும் பார்க்குற கிளினிக்ல நிறைய இடத்துல பறவையை எடுத்துக்கவே மாட்டாங்க, அதை முட்டை போட்ட அன்னைக்கே போன் பண்ணி கேட்டு வச்சுக்கோங்க. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருக்குறவங்களுக்கு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. பை காலைல காலியாகாம இருக்குறது, புளிச்ச வாடை, மூச்சு விடுறப்ப டிக் டிக்னு சத்தம், வாலு ஏறி இறங்குறது, இதெல்லாம் வந்தா வீட்டு வைத்தியம் பார்க்காதீங்க. உங்களுக்கே காய்ச்சல் இருமல் வந்தா டாக்டர்கிட்ட வீட்ல கிளி இருக்குன்னு மறக்காம சொல்லுங்க, பறவைகிட்டருந்து மனுஷனுக்கு தொத்துற சிட்டகோசிஸ்னு ஒண்ணு இருக்கு. பானை கழுவுறப்ப மாஸ்க் போட்டு, எச்சத்தை ஈரமாக்கிட்டு சுரண்டுங்க.

அம்மா கையில வளர்ந்தா முப்பது முப்பத்தஞ்சு நாள்ல ஒவ்வொண்ணா பானை ஓட்டைல தலையை நீட்டி எட்டிப் பார்க்கும், ஒரு நாள் பொத்துனு கீழ விழும், திருப்பி உள்ள வைக்காதீங்க, அது வெளிய வந்துடுச்சு அவ்ளோதான். கூண்டோட தரையில ஒரு தட்டு தினையும் ஆழமில்லாத மூடில தண்ணியும் வைங்க. வெளிய வந்த அப்புறமும் ஒரு வாரம் பத்து நாள் அப்பாதான் ஊட்டும், அதனால வந்த உடனே பிரிச்சு வித்துடாதீங்க. அம்மா அடுத்த முட்டைக்கு ரெடியாகி வெளிய வந்த குஞ்சுங்களைத் துரத்தி கொத்தும், சில சமயம் கொன்னே போடும், அப்படி நடந்தா குஞ்சையும் அப்பாவையும் வேற கூண்டுக்கு மாத்திடுங்க. தினையை உரிச்சு உமியைத் துப்புதான்னு பாருங்க, ரெண்டு மூணு நாள் தானா சாப்பிட்டு எடை குறையாம இருந்தா செல்ஃப் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

கையில பழகணும்னா அதுக்கு ஹேண்ட் ஃபீடிங் தேவையே இல்ல. ரெண்டு வாரம் ஆனதுலருந்து தினமும் அஞ்சு நிமிஷம் உள்ளங்கைல வச்சு மெதுவா பேசுங்க, சூடா வச்சுக்கோங்க, திருப்பி விடுங்க. செல்ஃப் ஆனப்புறம் கையில தினைக் கதிர் வச்சு நீட்டினா தானா ஏறி வரும். என்கிட்ட இருக்குற நீலக் குஞ்சு முழுக்க முழுக்க அம்மாவே வளர்த்ததுதான், இப்ப நான் டைப் பண்றப்ப தோள்ல உட்கார்ந்து காது மடலைக் கடிச்சுக்கிட்டு இருக்கு. நெத்தில இருக்குற கோடு மூக்கு வரைக்கும் இறங்கி இருந்தா இன்னும் குட்டிதான், மூணு நாலு மாசத்துல மொத இறகு உதிர்றப்ப நெத்தி வெளுத்துடும், அதுக்கப்புறம்தான் மூக்கு கலரை வச்சு ஆணா பொண்ணான்னு கொஞ்சம் தைரியமா சொல்லலாம்.

யாருக்காவது குடுக்குறதா இருந்தா ஆறு வாரம் முடிஞ்சு, தானா சாப்பிடுறதை உங்க கண்ணால பார்த்துட்டு, ரெண்டா சேர்த்துக் குடுங்க, கூடவே அது தின்னுக்கிட்டு இருந்த அதே தினைக் கலவைல அரை கிலோ கட்டிக் குடுங்க, புது வீட்ல சாப்பாடும் மாறிட்டா ரெண்டு நாள் பட்டினி கிடக்கும். கடைசிக் குஞ்சு இறங்கினதும் பானையைக் கழட்டிடுங்க, தொங்க விட்டே வச்சா அது அடுத்த ரவுண்டு முட்டை போட்டுக்கிட்டேதான் இருக்கும், வருஷத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல அந்த உடம்பு தாங்காது. சுடுதண்ணி ஊத்தி கழுவி, ரெண்டு நாள் நல்ல வெயில்ல காய வச்சு, பரண்ல போட்டுடுங்க, அடுத்த ஆறு மாசம் அம்மாவுக்கு லீவு.